தேனிலவுக்கு வெனிஸா, ப்ராகா?

தேனிலவுக்கு ஐரோப்பா என்றதும் முதலில் வாயில் வருவது வெனிஸ்தான். தப்பில்லை. கார், ஸ்கூட்டர் இல்லாத ஊர். ஹாரன் சத்தமே கேட்காது. படகு, விட்டால் நடை. ஆனால் அந்த நடையில்தான் சிக்கல். 400க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிக்கட்டு. புது மாப்பிள்ளை பெரிய பெட்டியை ஏற்றி இறக்கி ஹோட்டல் வாசலுக்கு வருவதற்குள் காதல் பாதி ஆவியாகிவிடும். கொண்டோலா எனும் துடுப்புப் படகுச் சவாரி அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்கு மேல் 110. தலைக்கு அல்ல, படகுக்கு. ஐந்து பேர் ஏறலாம். சரி, தேனிலவில் மற்ற மூன்று பேர் யார்?

செக் நாட்டுத் தலைநகர் ப்ராகில் செலவு குறைவு. அங்கே நாணயம் யூரோ அல்ல, கொருனா. 1357இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தில் பகலில் ஒரே நெரிசல்; விடியற்காலையில் போங்கள். கீழே வல்டாவா ஆறு, இருபுறமும் கறுத்துப்போன 30 சிலைகள், எதிரே மேட்டில் கோட்டை. பழைய நகரச் சதுக்கத்தில் 1410ஆம் ஆண்டு வானியல் கடிகாரம் இருக்கிறது. ஒவ்வொரு மணிக்கும் எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுக்கும். மேல் ஜன்னலில் இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் பொம்மைகள் வரிசையாக வந்து போகும். சட்டென முடிந்துவிடும், போனை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு ப்ராகுக்கு. வெனிஸை விட்டுவிட மனமில்லை என்றால், ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஒரே ஷெங்கன் விசாவில் இரண்டும் அடங்கும்: ப்ராகில் நான்கு நாள், அப்புறம் வெனிஸில் ஒரு ராத்திரி. பகல் கூட்டம் மாலையில் கிளம்பிய பிறகுதான் அந்தச் சந்துகள் இருவருக்கு மட்டும் கிடைக்கும்.