ஓ.ஆர். தொகுதிகள், ஜெனரல் தாமஸ், தீராத தலைக்கணக்கு

"ஓ.ஆர். முழு செட் மறுபதிப்பு பாதி விலைக்கு வருது, வாங்கட்டுமா சார்?" என்று என்னோடு ஆடும் நண்பர் கேட்டிருந்தார். வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனதால் இங்கே போடுகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரை மேசையில் பொம்மைப்படை வைத்து ஆடுகிறவர்களுக்கு (வார்கேம்) ஓ.ஆர். புதிதல்ல. ஆஃபீஷியல் ரெக்கார்ட்ஸ், அந்தப் போரின் அதிகாரபூர்வ ஆவணத் தொகுப்பு. 1880 தொடங்கி 1901 வரை அமெரிக்க அரசு அச்சிட்ட 128 புத்தகங்கள். இரு தரப்பின் கள அறிக்கைகள், தந்திகள், படைக்கணக்குகள் எல்லாம் அதில் உண்டு. பல வருடமாக நான் இதை ஒரே ஆளுக்காகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்: ஜெனரல் ஜார்ஜ் தாமஸ்.

ஏன் தாமஸ்? வர்ஜீனியாக்காரராக இருந்தும் வடக்கின் பக்கம் நின்றவர். வடக்கின் பெரிய தளபதிகளான கிராண்டும் ஷெர்மனும் தங்கள் கதையைத் தாங்களே எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். தாமஸ் 1870இலேயே இறந்துவிட்டார். நினைவுக்குறிப்பு எதுவும் எழுதவில்லை. அதனால் அடுத்தவர் கதையில் மெதுவான மனுஷனாக வந்துபோகும் ஆளாகவே நின்றுவிட்டார். நான் ஆடிப்பார்த்த சில ஆயத்த சினாரியோக்களும் இதை அப்படியே நம்பி, தற்காப்பில் அவருக்குக் கூடுதல் புள்ளியும் தாக்குதலில் கழித்தலும் கொடுத்திருந்தன. 1864 டிசம்பரில் டென்னசியின் நாஷ்வில்லில் எதிரிப் படையை இரண்டே நாளில் உடைத்துத் துரத்திய ஆளுக்கு இதுவா மரியாதை? அந்தக் கோபத்தில்தான் ஓ.ஆர். பக்கம் போனேன்.

நல்லதைப் பிறகு சொல்கிறேன். முதலில் எரிச்சல்.

ஒரு பிரிகேடில் (சில ரெஜிமென்ட்கள் சேர்ந்த படைப்பிரிவு) எத்தனை பேர்? வார்கேம் ஆடுகிறவனுக்கு முதலில் வேண்டிய எண் இதுதான். இந்த 128 புத்தகங்களும் நேராகப் பதில் சொல்லாமல் இழுத்தடிக்கும் கேள்வியும் இதுதான். எண்ணுக்குப் பஞ்சமில்லை, பக்கம் பக்கமாக இருக்கிறது. வடக்கின் பட்டியலில் பணிக்கு ஆஜரானவர்கள் ஒரு பத்தி. நோயாளிகளையும் காவலில் இருப்பவர்களையும் சேர்த்த மொத்த ஆஜர் இன்னொரு பத்தி. ஊரிலேயே இல்லாதவர்களையும் சேர்த்தது மூன்றாவது. தெற்கில் 'எஃபெக்டிவ்' என்று ஒரு கணக்கு: துப்பாக்கியோடு வரிசையில் நிற்கும் சிப்பாய் மட்டும்தான் அதில் வருவான், அதிகாரிகள் சேர்த்தியில்லை. வடக்கின் பணிக்கு ஆஜர் கணக்கில் அதிகாரிகளும் உண்டு, சண்டைக்கு வராமல் வேறு வேலையில் இருப்பவர்களும் உண்டு. ஒருவரின் மொத்தச் சம்பளத்தையும் இன்னொருவருக்குப் பிடித்தம் போகக் கைக்கு வருவதையும் வைத்து யார் பணக்காரர் என்று கேட்டால் எப்படி இருக்கும், அப்படித்தான் இந்த ஒப்பீடும்.

இதற்கு ஒரு வாய்பாடு இருக்கிறது. போரில் இருந்த வடக்கு அதிகாரி ஒருவர் பிற்காலத்தில் உட்கார்ந்து கணக்கிட்டது: ஆஜர் எண்ணிக்கையில் காலாட்படைக்கு 93 சதவீதம், குதிரைப்படைக்கு 85 சதவீதம் எடுத்துக்கொண்டால் சண்டையில் நின்றவர்கள் கிடைப்பார்கள். ஏழு சதவீதத்துக்கு இவ்வளவு புலம்பலா என்று தோன்றும். என் விதியில் ஒரு பேஸ் (பொம்மைகள் ஒட்டிய அட்டை) 200 பேர். 1,500 பேர் கொண்ட பிரிகேட் ஏழரை பேஸ். 93 சதவீதம் போட்டால் 1,395, அதாவது ஏழு. அந்த அரை பேஸை மேலே தள்ளுவதா கீழே தள்ளுவதா என்பதில்தான் பிரிகேட் எப்போது களைத்துப் பின்வாங்கும் என்பது அடங்கியிருக்கிறது. முப்பதாயிரம் காலாட்படைக்கு இதையே செய்தால் பத்துப் பேஸ் வித்தியாசம் வரும். பத்துப் பேஸ் என்றால் ஒரு முழு பிரிகேடுக்கும் மேல். வாய்பாட்டில் ஒரு இலக்கம், மேசையில் ஒரு பிரிகேட் முளைக்கிறது அல்லது மறைகிறது.

நாஷ்வில் வந்தால் இன்னும் மோசம். 1864 டிசம்பர் 10 தேதியிட்ட தெற்கின் ஜெனரல் ஹூட் படையின் கணக்கு 23,000 சொச்சம் எஃபெக்டிவ் என்கிறது. சரி. ஆனால் சண்டை நடந்தது 15, 16 தேதிகளில். அப்போது ஹூட்டின் குதிரைப்படைத் தளபதி ஃபாரஸ்ட் பெரும்பாலான குதிரைப்படையோடு தள்ளியிருந்த மர்ஃப்ரீஸ்பரோ ஊர்ப் பக்கம் இருந்தார். தாமஸ் பக்கம் 55,000 என்று எல்லாரும் சொல்கிறோம். அதில் ஊர்க்காவலுக்கு நின்றவர்கள் எத்தனை பேர், கிடங்கு ஊழியர்களுக்குத் துப்பாக்கி கொடுத்து அகழியில் நிறுத்தியது எத்தனை பேர்? தாமஸுக்குக் கீழிருந்த வில்சனின் குதிரைப்படையில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குக் குதிரையே கிடையாது. அவர்களைக் குதிரைப் பொம்மையாக வைப்பதா, காலாள் பொம்மையாகவா? (காலாளாகத்தான். அதோடு அடுத்தடுத்துச் சுடும் ஸ்பென்சர் கார்பைன் துப்பாக்கி இருப்பதால் சுடும்போது அவர்களுக்கு ஒரு பகடை கூடுதல். தெற்குப் பக்கம் ஆடுகிறவர் முறைப்பார், முறைக்கட்டும்.)

இத்தனைக்கும் பிறகு ஏன் விடாமல் படிக்கிறேன்? தந்திகளுக்காக. 45ஆம் தொகுதியின் இரண்டாம் பாகம். அறிக்கைகளை முதல் பாகத்தில் படித்து முடித்ததும் பலர் மூடிவைத்துவிடுகிறார்கள். கடிதப் போக்குவரத்து இருக்கும் இந்தப் பாகத்தில்தான் உயிரே இருக்கிறது. டிசம்பர் 6 அன்று வடக்கின் தலைமைத் தளபதி கிராண்ட் தந்தி கொடுக்கிறார்: குதிரைக்காகக் காத்திருக்காதே, உடனே தாக்கு. 9ஆம் தேதி வாஷிங்டனில் ராணுவத் தலைமையகத்தில் இருந்த ஹாலெக்குக்குத் தாமஸ் எழுதுகிறார்: என்னை நீக்குவதானால் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் விடிந்ததிலிருந்து உறைமழை கொட்டுகிறது, அது ஓயும்வரை தாக்க வழியில்லை. 11ஆம் தேதி கிராண்ட் மறுபடியும்: இன்னும் தாமதித்தால் எதிரி ஒஹையோ ஆற்றை நோக்கிப் போவதைப் பார்த்து நாம் தலைகுனிய வேண்டியிருக்கும். 13ஆம் தேதி தாமஸின் இடத்துக்கு ஜெனரல் லோகனை அனுப்புகிறார்கள். 14ஆம் தேதி இரவு தாமஸ்: இன்று பனிக்கட்டி உருகிவிட்டது, நாளைக் காலை தாக்குதல். லோகன் வழியில் லூயிவில் வந்து சேர்வதற்குள் இங்கே ஜெயித்தாகிவிட்டது.

எத்தனை ஜெனரல்கள் இப்படிப்பட்ட தந்திகளுக்கு இப்படிப்பட்ட பதில் கொடுத்திருப்பார்கள்? குரலை உயர்த்தவே இல்லை மனுஷன். இதைப் படித்தபிறகு என் நாஷ்வில் ஆட்டம் டிசம்பர் 15 காலையில் தொடங்குவதில்லை, 8ஆம் தேதி தொடங்குகிறது. தினமும் வானிலைக்கு ஒரு பகடை. காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வில்சனுக்குக் கொஞ்சம் குதிரை வரும், கிராண்டின் பொறுமை ஒரு கட்டம் இறங்கும். பொறுமை தீர்ந்தால் தாமஸ் பதவி போச்சு, ஆட்டமும் போச்சு. பனியில் இறங்கினால் எல்லாரும் பாதி வேகம்தான். தாமஸை மெதுவானவர் என்று சொல்லும் ஆட்டக்காரரை ஒருமுறை இந்த நாற்காலியில் உட்காரவைத்துப் பாருங்கள்.

இதே தொகுதியின் அறிக்கைகளில் இன்னொன்று. 16ஆம் தேதி ஓவர்டன் குன்றின் மேல் ஏறிய கறுப்பினப் படைகளில் 13ஆவது ரெஜிமென்ட் மட்டும் 200க்கும் மேற்பட்டவர்களை இழந்தது. அந்தக் குன்றின் மேல் நின்று சுட்ட தெற்கு பிரிகேடின் தளபதி ஹோல்ட்ஸ்கிளா, இவ்வளவு அடர்த்தியாகப் பிணம் விழுந்து தான் பார்த்ததில்லை என்று தன் அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார். எதிரியே எழுதிக்கொடுத்த சான்றிதழ். ஆயத்தப் பட்டியல்களில் அவர்களைப் பயிற்சியில்லாத படை என்று மட்டமான தரத்தில் வைத்திருந்ததை நான் மாற்றியது இந்தப் பக்கத்தை வைத்துத்தான்.

1863இல் ஜார்ஜியாவில் நடந்த சிக்கமாகா சண்டைக்கான 30ஆம் தொகுதி வேறு ரகம். வடக்கு தோற்ற சண்டை. படைத்தளபதி ரோஸ்கிரான்ஸ் பதவி இழந்தார், அவருக்குக் கீழிருந்த மக்குக், கிரிட்டெண்டன் இருவர் மேலும் விசாரணை வந்தது. ஆகவே ஒவ்வோர் அறிக்கையும் வக்கீல் நோட்டீஸ் மாதிரிதான் இருக்கும். 1863 செப்டம்பர் 20 காலை, ரெனால்ட்ஸுக்குத் துணையாகப் போ என்று டிவிஷன் தளபதி வுட்டுக்கு வந்த உத்தரவைப் பற்றி யார் என்ன சொல்கிறார் என்று படித்துப் பாருங்கள். நடுவில் பிரானன் டிவிஷன் நின்றுகொண்டிருந்ததால் வுட் வரிசையை விட்டே விலகிப் போனார். அந்த ஓட்டையில் தெற்கின் லாங்ஸ்ட்ரீட் புகுந்தார். வுட் போனது சரி என்பதற்கும் தப்பு என்பதற்கும் அதே தொகுதியிலேயே சாட்சி கிடைக்கும். பிறகு ஸ்னாட்கிராஸ் குன்றில் தாமஸ் நின்று தடுத்தது. அங்கே நின்ற 21ஆவது ஒஹையோ ரெஜிமென்டிடம் அடுத்தடுத்துச் சுடும் கோல்ட் ரிவால்விங் ரைஃபிள். அன்றைக்கு 43,000க்கும் மேற்பட்ட தோட்டாக்களைச் சுட்டுத் தீர்த்ததாக அவர்கள் அறிக்கை சொல்கிறது. மேசையில் அவர்களுக்குக் கூடுதல் பகடையும் உண்டு, தோட்டா தீரும் விதியும் உண்டு.

சில்லறைத் தொல்லைகள்: நேரத்தை நம்பாதீர்கள். அமெரிக்க ரயில்வேக்கள் மண்டலவாரியான பொது நேரத்துக்கு மாறியதே 1883இல்தான். அதுவரை அவரவர் கடிகாரம். சிக்கமாகாவில் உதவிப்படையோடு வந்த கிரேஞ்சர் ஸ்னாட்கிராஸ் குன்றுக்கு எப்போது வந்தார் என்பதில் அறிக்கைக்கு அறிக்கை வித்தியாசம். ஸ்கேனில் தேடினால் பட்டியல் பத்திகள் எல்லாம் குழைந்து ஒரே எண் கஞ்சியாக வரும். நாஷ்வில்லில் மட்டும் வடக்கே ஏ. ஜே. ஸ்மித், தெற்கே ஜேம்ஸ் ஸ்மித், தாமஸ் ஸ்மித். 'தாமஸ்' என்று தேடினாலும் கடைசி ஸ்மித் வந்து நிற்பார்.

விலைக்கு வருவோம். அச்சுப் பிரதி வேண்டாம். முழுவதும் இணையத்தில் இலவசம், கார்னெல் பல்கலைக்கழகம் எப்போதோ ஸ்கேன் செய்துவிட்டது. ஒரு ஜெனரலுக்கு 128 புத்தகமும் தேவைப்படாது. காசு போட்டே ஆகவேண்டும் என்றால் இதனோடு வந்த வரைபடத் தொகுப்பின் மறுபதிப்பை மட்டும் வாங்குங்கள். அந்த 175க்கும் மேற்பட்ட வரைபடத் தாள்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பதும் மேசையில் விரித்துவைத்துக் குன்றுக்கு அட்டை வெட்டுவதும் ஒன்றல்ல. என்னிடம் காசு போட்டு வாங்கியது என்று இருப்பது அது ஒன்றுதான், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

மொத்தத்தில் ஐந்துக்கு இரண்டு. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இரண்டா என்றால், போன வாரம் முழுக்க ஹூட் படையில் ஸ்டூவர்ட்டின் கோர் (டிவிஷன்கள் சேர்ந்த பெரும்பிரிவு) கணக்கோடு மல்லுக்கட்டிவிட்டு எழுதுகிறேன். அதற்குமேல் கொடுக்க மனசு வரவில்லை. தாமஸுக்கு மட்டும் தனியாக என்றால் ஐந்துக்கு ஐந்து, அதை நீங்கள் கேட்கவில்லை. அடுத்து 1862 ஜனவரியின் மில் ஸ்ப்ரிங்ஸ். தொகுதி 7. அவர் ஜெயித்த முதல் சண்டை, படைகளும் சிறியவை, சுலபமாக முடிந்துவிடும் என்றுதான் திறந்தேன். தெற்கின் கணக்கில் மறுபடியும் அதே எஃபெக்டிவ்.