வைக்கிங் கிரேஸ்: கப்பல் ஓடுதா நிக்குதான்னே தெரியல

பின்லாந்து துர்க்குல இருந்து ஸ்டாக்ஹோம் வரைக்கும் வைக்கிங் கிரேஸ்ங்கற ஃபெர்ரில, அதாவது ஆளுங்களோட கார், லாரியும் ஏத்திட்டுப் போற கப்பல்ல, போயிட்டு வந்தேன். பஃபே, ஷாப், பாட்டுக் கச்சேரி பத்தியெல்லாம் எழுத நிறைய பேர் இருக்காங்க, நான் கப்பலைப் பத்தி மட்டும் எழுதறேன்.

முதல்ல சத்தம். இதுக்கு முன்னாடி வேற ஒரு பழைய ஃபெர்ரில கீழ் டெக்ல கேபின் கிடைச்சுது, பேர் வேணாம், ராத்திரி பூரா தூக்கமே இல்ல, தலகாணி வழியா இன்ஜின் காதுக்குள்ள உறுமுது, பாத்ரூம் டம்ளர் விடிய விடிய கடகடன்னு ஆடுது. அந்த பயத்தோடதான் இதுலயும் ஏறினேன். ஆனா ஜன்னல்ல கரை பின்னாடி போறதைப் பார்த்துதான் கப்பல் கிளம்பிடுச்சுன்னே புரிஞ்சுது!

அதுக்குக் காரணம் என்னன்னா, இதுல இன்ஜின் நேரா ப்ரொப்பல்லரைச் சுத்தறது இல்ல. வார்ட்சிலா கம்பெனியோட நாலு இன்ஜின், ஒவ்வொண்ணும் 7,600 கிலோவாட், நாலும் ஓடறது கரண்ட் எடுக்கத்தான், அந்த கரண்ட்ல ரெண்டு பெரிய மோட்டார் ப்ரொப்பல்லரைச் சுத்துது. ப்ரொப்பல்லர் தண்டோட (ஷாஃப்ட்) இறுக்கிப் பிணைக்கற வேலை இல்லாததால இந்த மாதிரி அமைப்புல இன்ஜினை ரப்பர் தாங்கி மேல உக்கார வைக்க முடியும், அதிர்வு பாடிக்கு ஏறாது. மெதுவா போனா போதும்னா ஒண்ணு ரெண்டு இன்ஜினை அணைச்சும் வைக்கலாம்.

எரிபொருள் எல்என்ஜி, அதாவது மைனஸ் 162 டிகிரில திரவமாக்கின இயற்கை எரிவாயு. இவ்வளவு பெரிய பயணிகள் ஃபெர்ரி இதுல ஓடினது உலகத்துலயே இதுதான் முதல்ல, 2013 ஜனவரில. 200 கன மீட்டர் டேங்க் ரெண்டு, கப்பலுக்குள்ள புதைக்காம பின்பக்கம் திறந்த டெக்லயே வச்சிருக்காங்க, எங்கயாவது கசிஞ்சாலும் காத்தோட போயிடும்ல. புகை நாத்தம் சுத்தமா இல்ல, கந்தகமும் கிட்டத்தட்ட இல்ல. ஆனா ஒண்ணு சொல்லியாகணும், இயற்கை எரிவாயுல பெரும்பகுதி மீத்தேன்தான், இந்த வகை இன்ஜின்ல எரியாத மீத்தேன் கொஞ்சம் புகைக்குழாய் வழியா வெளிய போகத்தான் செய்யும், அது பூமியை கார்பன் டை ஆக்சைடை விட பல மடங்கு சூடாக்கற வாயு. அதனால "பசுமைக் கப்பல்"னு மொத்தமா சொல்ல எனக்கு மனசு வரல, காத்து சுத்தமா இருக்குன்னு வேணா தாராளமா சொல்லலாம்.

2018-ல 24 மீட்டர் உயர உருளை ஒண்ணு டெக்ல நட்டு, அது சுத்தறப்ப காத்தே கப்பலைத் தள்ளற மாதிரி பண்ணிப் பார்த்தாங்க. அப்புறம் கழட்டிட்டாங்க, நான் போனப்ப இல்ல.

எனக்கு ரொம்ப நேரம் மனசுல ஓடினது கார் டெக். லாரி ஒரு முனைல ஏறி மறு முனைல இறங்கணும், அதனால நடுவுல குறுக்குச் சுவர் வைக்க முடியாது, கப்பல் நீளத்துக்கும் ஒரே ஹால். ஃபெர்ரியோட வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான். அங்க தண்ணி புகுந்தா கப்பல் லேசா சாயற பக்கமே மொத்தத் தண்ணியும் ஓடும், ஓடினா இன்னும் சாயும். இதே பால்டிக் கடல்ல 1994 செப்டம்பர் 28 எஸ்டோனியாங்கற ஃபெர்ரி முன்கதவு பிச்சுக்கிட்டுப் போய் இப்படித்தான் மூழ்குச்சு, 852 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் அடிபட்ட கப்பலோட கார் டெக்ல அரை மீட்டர் வரைக்கும் தண்ணி நின்னாலும் கவிழாம தாங்கணும்னு இந்தப் பக்கத்து நாடுகள் சேந்து விதி கொண்டு வந்தாங்க. கப்பல் ஓடறப்ப கார் டெக்குக்குப் போகக்கூடாதுன்னு சொன்னா தயவுசெஞ்சு சண்டை போடாதீங்க, காரணம் இருக்கு.

கட்டினது துர்க்கு யார்டுலயேதான், இப்ப மேயர் துர்க்குன்னு பேரு. 218 மீட்டர் கப்பலை அடில இருந்து மேல வரைக்கும் வரிசையா கட்டிட்டு வர்றது இல்ல, பெரிய பெரிய பிளாக்கா தனித்தனியா வெல்டு பண்ணி, பைப்பு வயரெல்லாம் முடிஞ்ச வரைக்கும் உள்ள போட்டுட்டு, கிரேன்ல தூக்கி டாக்குல ஒட்டுவாங்க. கேபினும் அப்படித்தான், பாத்ரூமோட சேத்து ஃபேக்டரிலயே பெட்டி மாதிரி செஞ்சு உள்ள தள்ளிடறது இப்ப வழக்கம்.

போறவங்க காலை ட்ரிப்பே எடுங்க. தீவுகளுக்கு நடுவுல குறுகலான வழில போறப்ப பின் டெக்குக்கு வந்து கப்பல் விட்டுட்டுப் போற அலையைப் பாருங்க. கரையை அரிக்காத மாதிரி, அலை கம்மியா எழும்பணும்னு பாத்துப் பாத்து அடிப்பகுதிக்கு வடிவம் குடுத்திருக்காங்க. 2,800 பேர் ஏறக்கூடிய கப்பல் தாண்டிப் போகுது, ஒரு வீட்டு முன்னாடி கட்டியிருந்த சின்னப் படகு ரெண்டு தடவை தலையாட்டிட்டு அப்படியே நின்னுடுச்சு.