லா பாஸ் ஆட்டம்: மெஸ்ஸியா, இளங்கால்களா?

பொலிவியாவின் லா பாஸுக்கு அர்ஜென்டினா கால்பந்து ஆடக் கிளம்பும்போதெல்லாம் எனக்கு இதே கவலைதான்: மெஸ்ஸியை இறக்குவதா, இளையவர்களை நம்புவதா? அரங்கம் இருப்பது சுமார் 3,600 மீட்டர் உயரத்தில்.

மூச்சு: இரண்டு ஓட்டத்திலேயே நெஞ்சு அடைக்கும், முழங்காலில் கையூன்றி நின்றுவிடுவார்கள். மெஸ்ஸியைவிட இளைய வீரரான நிக்கோலாஸ் கொன்சாலஸ் ஓடி ஓடியே ஈடுகட்டுவார். மெஸ்ஸியோ நடந்தபடியே ஆட்டத்தை நடத்துவார்; அங்கே அதுவும் பெரிய பலம்.

பந்து: மெல்லிய காற்றில் வேகமாகப் பாயும், அதிகம் வளையாது. மெஸ்ஸியின் ஃப்ரீகிக்குக்கு அது பாதகம். நேராக ஓங்கி அடிப்பவருக்குச் சாதகம்.

வரலாறு: மெஸ்ஸி ஆடிய 2009இல் 1-6 தோல்வி, இன்றும் வலிக்கிறது. 2020இல் அவரோடு 2-1 வெற்றி. 2023இல் அவர் ஆடாமலே 3-0.

புள்ளி கட்டாயம் தேவையென்றால் மெஸ்ஸியை இறக்கலாம். நெருக்கடி இல்லையென்றால் இளையவர்களே போதும். அவருடைய தசைகளை அந்த மலையில் பணயம் வைக்க வேண்டாம்.