அலமேலுவா, யாழினியா, தன்ஷிகாவா?

பெண் பிறந்து 5 வாரம் ஆகிறது. பெரம்பூர் வீட்டில் தொட்டில் போட்டாயிற்று, பெயர்தான் முடிவாகவில்லை. பிறப்பைப் பதிய 21 நாள்தான் அவகாசம், ஆனால் பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்கப்புறமும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம் என்று தெரிந்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் அவசரமே இல்லை.

நியூமராலஜியை முதலிலேயே ஓரம் கட்டிவிட்டேன். தமிழில் ஓர் எழுத்தும் மாறாது, இங்கிலீஷில் மட்டும் ஒரு ‘ஏ’ கூடும், ஒரு ‘ஹெச்’ ஒட்டும். வாழ்நாள் முழுக்க கவுண்டர் கவுண்டராக ‘டபுள் ஏ, அப்புறம் ஹெச்’ என்று சொல்லப்போவது குழந்தை, கணக்குப் போட்டுக் கொடுத்தவர் இல்லை.

நட்சத்திர எழுத்து அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. குழந்தைக்கு அஸ்தம். பூ, ஷ, ண, ட. ‘ண’வில் தொடங்கும் தமிழ்ச் சொல் ஒன்றுகூடக் கிடையாது, ‘ட’வும் தமிழில் முதலில் வராது. மிச்சம் பூவும் ஷவும். ‘ஷ’ நடுவில் வந்தாலும் செல்லும் என்று மாமியார் ஒரு தீர்ப்பு சொல்லி, அந்த வழியாக தன்ஷிகாவை உள்ளே கொண்டுவந்துவிட்டார்.

தன்ஷிகா காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அர்த்தம் தேடினால் பார்க்கிற இடமெல்லாம் ஒவ்வொன்று சொல்கிறது, சரி, அதைக்கூட விடலாம். போன வாரம் குழந்தை டாக்டரிடம் டோக்கன் போட்டு உட்கார்ந்திருந்தபோது நர்ஸ் இந்தப் பெயரைக் கூப்பிட, இரண்டு அம்மாக்கள் எழுந்தார்கள். ஒன்று தன்ஷிகா, இன்னொன்று தனுஷிகா. என் வகுப்பில் நாலு சுரேஷ் இருந்தார்கள், அந்தக் கதைதான்.

யாழினி என் பட்டியலில் முதலில் இருந்தது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து என் பெயர் பின்னால் வந்து ஒட்டும், அதுவே இங்கிலீஷில் 15 எழுத்து, அதனால் முன்னால் வருவது சின்னதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். சிக்கல் ‘ழ’. வாழைப்பழத்தை வாயப்பயம் ஆக்குகிற ஊர் இது. எதிர்வீட்டு ஆயா இப்போதே ‘யாளினி’ என்றுதான் கொஞ்சுகிறார். தமிழ்நாட்டைத் தாண்டினால் ‘இஸட் ஹெச்’சைப் பார்த்து யாஜினி, யாஸினி என்று எது வேண்டுமானாலும் ஆகும். ஆனாலும் தன்ஷிகாவா யாழினியா என்றால் நான் யோசிக்காமல் யாழினி என்பேன். ‘ழ’ சொல்ல வராதது சொல்கிறவர்கள் பாடு.

மூன்றாவது அலமேலு, என் அம்மாவின் பெயர். பேரன் என்பது பெயரன், பேத்தி என்பது பெயர்த்தி, தாத்தா பாட்டி பெயரைத் தாங்குகிறவர்கள் என்பதால்தான் அந்தச் சொல்லே வந்தது. ‘அந்தக் காலத்துப் பெயர்’ என்று எல்லோரும் முகம் சுளித்தார்கள், நானும்தான். அப்புறம் யோசித்தால் அது அலர்மேல்மங்கை, பூவின் மேல் அமர்ந்தவள், திருச்சானூர்த் தாயாரின் பெயர். தூய தமிழ் தேடி நான் யாழ் வரைக்கும் போயிருக்கிறேன், அது அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஷ இல்லை, ழ இல்லை, இங்கிலீஷில் 7 எழுத்து, யார் படித்தாலும் சரியாக வரும்.

மனைவிக்கு அதில் வேறு தகராறு. “அத்தை பேரைச் சொல்லி நான் எப்படிங்க இவளைத் திட்டுவேன்?” நியாயம்தான். பாட்டி பெயர் வைத்த குழந்தைகளெல்லாம் வீட்டில் அம்முவாகவும் பாப்பாவாகவும் வளர்ந்தது இதனால்தானே.

‘அலர்’ என்று சுருக்கலாமா என்று கேட்டேன். பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சிரித்தே விட்டார். அலர் என்றால் பூ மட்டுமில்லையாம், காதலிப்பவர்களைப் பற்றி ஊர் பேசுகிற பேச்சும் அலர்தான், திருக்குறளில் அதற்கென்றே 115-வது அதிகாரம் இருக்கிறது. பெண்ணுக்கு வம்புப்பேச்சு என்று பெயர் வைத்த அப்பனாக நான் நிற்க வேண்டாம் என்று அவரே ‘பூமகள்’ கொடுத்தார். அதே லட்சுமி, அதே பூ, அஸ்தத்துக்கும் பொருந்துகிறது. வீடே அரை மணி நேரம் ஒற்றுமையாக இருந்தது, அமெரிக்காவிலிருந்து மச்சான் வீடியோ காலில் வந்து, இங்கிலீஷில் எழுதினால் முதல் மூன்று எழுத்துக்கு அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று சொல்கிற வரைக்கும்.

அடுத்த வாரம் 6-வது வாரத் தடுப்பூசி, அட்டையில் இன்னும் ‘பேபி ஆஃப்’ போட்டு அவள் அம்மா பெயர்தான் இருக்கிறது. நேற்று ராத்திரி 2 மணிக்குத் தொட்டிலை ஆட்டிக்கொண்டே மனைவி, “அலமு, தூங்குடி” என்றாள். பக்கத்து அறையில் அம்மா இருமினார்.