குப்பியைப் பார்க்காமல் கையைத் தூக்காதீர்கள்: அக்குள் வியர்வை ஊசியில் நடக்கும் பித்தலாட்டம்

அக்குள் வியர்வைக்கு போடாக்ஸ் போடுகிறோம் என்று முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, மூன்றே வாரத்தில் சட்டையில் பழைய ஈர வட்டத்தோடு திருப்பி அனுப்பும் இடங்கள் பெருகிவிட்டன. மருந்தின் மேல் தப்பில்லை. வியர்வைச் சுரப்பியைத் தூண்டும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை நரம்பு நுனியிலேயே அது தடுத்துவிடும். கடுமையான அக்குள் வியர்வைக்கு அமெரிக்காவில் 2004-லேயே அனுமதி கிடைத்த சிகிச்சை. இவர்கள் கைவைப்பது மருந்தின் அளவில்தான்.

ஏமாந்தவர்களுக்கு நடந்தது கிட்டத்தட்ட ஒன்றேதான். உள்ளே போகும்போதே சிரிஞ்சில் மருந்து ஏற்றித் தயாராக இருக்கும், குப்பி கண்ணில் படாது. அக்குளின் நடுவில் நாலைந்து குத்து, ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இரண்டு வாரம் கழித்து நடுவில் காய்ந்திருக்கும், ஓரத்தில் பிறை மாதிரி நனையும். கேட்டால் "உங்க உடம்பு வாகு அப்படி, இன்னொரு சிட்டிங் போட்டுடலாம்" என்பார்கள். உடம்பு வாகெல்லாம் இல்லை, அந்த ஓரத்துக்கு மருந்தே போகவில்லை.

முறையாகச் செய்கிறவர் முதலில் வியர்க்கும் பரப்பைக் குறித்துக்கொள்வார். மழித்த அக்குளைத் துடைத்து அயோடின் பூசி, அது காய்ந்ததும் மேலே ஸ்டார்ச் மாவு தூவுவார். வியர்வை கசியும் இடம் மட்டும் சில நிமிடங்களில் கருநீலமாகும். அதைச் சுற்றிப் பேனாவால் கோடு. சிலருக்கு இந்தக் கோடு முடி முளைக்கும் எல்லையைத் தாண்டியும் போகும். கண்மதிப்பில் குத்துகிறவர் கோட்டை விடுவது அங்கேதான். (அயோடின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.)

அடுத்து அளவு. ஓர் அக்குளுக்கு 50 யூனிட், ஆக இரண்டுக்கும் சேர்த்து 100 யூனிட் குப்பி ஒன்று முழுசாக வேண்டும். குப்பியில் இருப்பது பொடி. அதை 4 மில்லி சலைனில் கரைத்தால் 0.1 மில்லியில் 2.5 யூனிட் வரும். 8 மில்லியில் கரைத்தால் அதே 0.1 மில்லியில் 1.25 யூனிட்தான். இரண்டும் பார்வைக்கு வெறும் தண்ணீர். அதனால் எத்தனை மில்லி என்று கேட்டுப் புண்ணியமில்லை, எத்தனை யூனிட் என்று கேளுங்கள். ஒரே குப்பியை இரண்டு பேருக்குப் பிரிப்பதும் நடக்கிறது. உங்கள் கண்ணெதிரே மூடியைத் திறந்து கரைக்கச் சொல்வதில் கூச்சமே வேண்டாம். டிஸ்போர்ட் மாதிரி வேறு பிராண்டு என்றால் யூனிட் கணக்கே வேறு, இந்த எண்களை அதற்குப் பொருத்தக் கூடாது.

ஒவ்வொரு பக்கமும் 10 முதல் 15 இடங்களில், தோலுக்குள் சுமார் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் ஊசி இறங்க வேண்டும். சரியாக இறங்கினால் குத்திய இடம் கொசுக்கடி மாதிரி சின்னதாகத் தடிக்கும். தடிப்பே வரவில்லை என்றால் பெரும்பாலும் ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். எல்லாம் சரியாக நடந்தாலும் பலன் சராசரியாக ஆறேழு மாதம். "நிரந்தரம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

முடி எடுக்கும் லேசரை வியர்வைக்கும் சேர்த்து விற்பது இன்னொரு கூத்து. அது முடிவேரைக் குறிவைக்கும் கருவி. வியர்வையைக் கொட்டும் எக்ரின் சுரப்பி முடிவேரோடு ஒட்டியிருப்பதில்லை, நேராகத் தோலில் திறக்கிறது.

ஊசிக்கு முன்பு முயல வேண்டிய 20% அலுமினியம் குளோரைடு பூச்சு மருந்து பற்றி இந்த இடங்களில் பேச்சே எடுக்க மாட்டார்கள். அதில் வரும்படி இல்லை. இரவில் படுக்கும் முன், நன்றாகக் காய்ந்த தோலில் பூசி, காலையில் கழுவ வேண்டும். காயும்வரை தினமும், பிறகு வாரம் ஒன்றிரண்டு முறை. ஈரத்தில் பூசினால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகி எரியும். மழித்த அன்றும் மறுநாளும் வேண்டாம்.

தூக்கத்திலும் நனைகிறதா, எடை குறைகிறதா, புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தீர்களா என்று கேட்காமலே ஊசியை எடுக்கும் இடமும் ஆகாது. தைராய்டு, காசநோய் இவற்றிலும் வியர்வை கொட்டும்.

ஏற்கெனவே பணம் கட்டி ஊசியும் போட்டுக்கொண்டுவிட்டீர்களா? இரண்டு வாரம் பொறுத்து அயோடின் சோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள். போட்ட யூனிட், கரைத்த சலைன் அளவு, குப்பியின் லாட் எண், காலாவதி தேதி எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். கருநீலம் தெரியும் திட்டுகளுக்கு மட்டும் ஊசி போட்டால் போதும். அதற்கு முழு சிட்டிங் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.