துருப்பிடித்த மேனிபோல்ட் நட்: எண்ணெயா, சூடா?

தூத்துக்குடியில் வாங்கிய எண்பதுகளின் அம்பாசடர் அது. உப்புக்காற்றில் நின்ற வண்டி என்பதால் அடிப்பக்கத்துத் துருவுக்கு மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தேன். கடைசியில் என்னை அழவைத்தது மேனிபோல்ட் நட்டுகள், அதாவது காற்று உள்ளே போகும், புகை வெளியே வரும் குழாய்களை இன்ஜினோடு பிடித்திருக்கும் நட்டுகள்.

அந்த 1489 சிசி இன்ஜினில் இன்டேக் (காற்று வழி), எக்ஸாஸ்ட் (புகை வழி) இரண்டும் ஒரே பக்கம். கீழே இருக்கும் நட்டுகள் கண்ணில் படாது, விரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும். ஸ்பேனரும் இஞ்ச் அளவு. அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ.; 13-ஐப் போட்டால் உட்கார்ந்த மாதிரிதான் தெரியும், இழுத்ததும் மூலை மழுங்கிவிடும்.

முதலில் துருவை இளக்கும் ஸ்ப்ரே எண்ணெய். செலவு குறைவு, தீ பயமில்லை, ஸ்ப்ரே குழாய் நுழையும் இடமெல்லாம் போகும். காலையும் மாலையும் அடித்து நான்கு நாள் காத்திருந்தேன். இரண்டு நட் கழன்றது. மூன்றாவது, ஸ்டட்டையும் (நட் ஏறியிருக்கும் மரைக்கம்பி) முறித்துக்கொண்டு வந்தது, அதுவும் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டின் மட்டத்துக்கு. இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும்; மரை இடுக்கை அது அடைத்துக்கொண்ட பிறகு எண்ணெய் எந்த வழியாகப் போகும்?

என் கணக்கு மாறியது அங்கேதான். எது சீக்கிரம் கழற்றும் என்பதைவிட, முறிந்தால் என்ன செய்வோம் என்பதுதான் கேள்வி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முறிந்தால் அரை மணி நேர வேலை. இங்கே டிரில் மெஷினை நேராகப் பிடிக்கவே இடமில்லை. கொஞ்சம் சாய்ந்தாலும் பிட் ஸ்டட்டை விட்டு வழுக்கி ஹெட்டைத் தின்றுவிடும். ஆகவே ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குத் தூக்க வேண்டியதாயிற்று. ஒரு ஸ்டட்டுக்கு ஒரு வாரம்!

அதன்பிறகு இன்னொரு அம்பாசடரில் கை வைத்தபோது நேராகச் சூட்டுக்கே போனேன். சூடு என்றால் தீச்சுடர் டார்ச்சைப் பற்றவைப்பதற்கு முன் அரை நாள் வேலை இருக்கிறது: கார்புரேட்டரையும் பெட்ரோல் லைனையும் கழற்றி, லைனின் வாயை அடைத்து, வண்டியை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும், அடித்த எண்ணெயைத் துடைக்க வேண்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த அரை நாள் வீணில்லை. கார்புரேட்டர் போன இடத்தில் கையும் தாராளமாக நுழைகிறது.

ஸ்டட் சூடாவதற்குள் நட்டை மட்டும் சூடேற்ற வேண்டும். 300 டிகிரி ஏறினால் 8 மி.மீ. துளை விரிவது 0.03 மி.மீ. அளவுதான். ஆனாலும் துருவின் பிடி உடைய அது போதும். தீயை அணைத்துவிட்டு மெழுகுவர்த்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். முன்னே கால் சுற்று, பின்னே கால் சுற்று; ஒரே இழுப்பில் திருப்பவே கூடாது. ஒன்றுகூட முறியவில்லை.

ஆங்கிள் கிரைண்டரால் வெட்டுவது, தூக்கிப்போடப் போகும் பட்டை ஸ்பிரிங் போல்ட்டுக்குச் சரி. டிக்கிக்கு அடியில் பெட்ரோல் டேங்க் இருப்பதால், பின்பக்கம் தீப்பொறி பறக்கும் வேலைக்கு முன் அதை இறக்கிவிடுவேன். தீயே இல்லாமல் காந்தப்புலத்தால் சூடேற்றும் இண்டக்‌ஷன் ஹீட்டரை இரவல் வாங்கி ஒரே ஒரு நட்டில் போட்டேன், பிரமாதமாகக் கழன்றது. ஆனால் அது மேலே இருந்த நட். கீழே அதன் கம்பிச்சுருள் நுழையுமா என்று நான் பார்த்ததில்லை.

திரும்பப் பூட்டும்போது பித்தளை நட்டுகளாகப் போட்டேன். அவை ஸ்டட்டோடு துருப்பிடித்து ஒட்டுவதில்லை.