கருணை மனு எழுதித் தரும் ஒரு சட்ட அலுவலகம்

யாழ்ப்பாணம் நீதிமன்றத் தொகுதியிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கடையொன்றின் மேல்மாடியில் இயங்கும் சட்டத்தரணி அலுவலகம் ஒன்றின் சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். விளம்பரத்தை அவர்கள் விரும்புவதில்லை என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். என் சின்னம்மாவின் மகன் கொலை வழக்கொன்றில் மரண தண்டனை விதிக்கப்பட்டுக் கொழும்பில் சிறையில் இருக்கிறார். மேன்முறையீடும் தள்ளுபடியான பின்னரே நாங்கள் அந்தப் படிகளில் ஏறினோம்.

அதற்கு முன்னர் வேறோர் இடத்தில் பணம் கொடுத்து, இரண்டு பக்கத்துக்குக் கண்ணீர் வடிக்கும் கருணை மனுவொன்றை எழுதுவித்திருந்தோம். இங்கிருந்த சட்டத்தரணி அதைப் பொறுமையாக வாசித்துவிட்டு, தீர்ப்பின் பிரதி எங்கே என்று கேட்டார். இத்தனை வருடம் வழக்கோடு அலைந்த எங்களிடம் அது இருக்கவில்லை. விண்ணப்பித்து, உறுதிப்படுத்தப்பட்ட பிரதி கைக்கு வரும் வரை மனுவில் ஒரு வரிகூட எழுத அவர் சம்மதிக்கவில்லை.

இலங்கையில் 1976 க்குப் பின்னர் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனாலும் மரண தண்டனையாக இருக்கும் வரை விடுதலைக்கென்று ஒரு திகதி கிடையாது. அது முதலில் ஆயுள் தண்டனையாகவும் பின்னர் வருடக் கணக்குள்ள தண்டனையாகவும் மாற்றப்பட்டால்தான் நன்னடத்தைக்குக் கழிவு பெறலாம் என்று அவர் ஒரு தாளில் படிப்படியாக எழுதிக் காட்டினார். அரசியலமைப்பின் 34 ஆம் உறுப்புரையின்படி, மரண தண்டனைக் கைதிக்கு ஜனாதிபதி மன்னிப்பு வழங்குவதற்கு முன்னர் வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கையும், சட்டமா அதிபரின் ஆலோசனையும், நீதி அமைச்சரின் விதந்துரையும் பெறப்பட வேண்டும். கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021 இல் வழங்கப்பட்ட ஜனாதிபதி மன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் இரத்துச் செய்ததைச் சொல்லி, செல்வாக்கால் கிடைப்பது நிலைக்கும் என்று நம்பவேண்டாம் என்றார். மிருசுவிலில் எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் தண்டிக்கப்பட்ட இராணுவத்தினன் 2020 இல் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்ததை அறிந்த எங்களுக்கு, அந்த விளக்கம் முழுதாகச் செரிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

சின்னம்மாவுக்கு மனவருத்தம் தந்தது வேறொன்று. "என்ர பிள்ளை செய்யேல்லை" என்ற வாதத்தை மனுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது மேன்முறையீட்டில் சொல்லி முடிந்த கதை என்றும், இந்த மனுவை வாசிப்பவர் அவன் இன்று எப்படி இருக்கிறான் என்றே பார்ப்பார் என்றும், கனிஷ்ட சட்டத்தரணியான பெண்பிள்ளை சின்னம்மாவின் பக்கத்தில் இருந்து மூன்று தடவை விளக்கினார். அதேவேளை, செய்தான் என்றும் எழுதவில்லை. அந்த நிதானத்துக்காகவே இவர்களைப் பரிந்துரைக்கிறேன். சிறையில் அவன் கற்ற தச்சு வேலைக்கான சான்றிதழ், நன்னடத்தை அறிக்கை, சின்னம்மாவின் மருத்துவ அறிக்கை, குடும்ப நிலை பற்றிய கிராம அலுவலரின் கடிதம் என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு தாள் பின்னே இணைக்கப்பட்டது.

குறைகளும் உண்டு. சிங்கள மொழிபெயர்ப்புக்கான செலவை முதல் நாளே சொல்லியிருக்கலாம். வேலை முடிந்த பின்னர் சொன்னதால் கடன் வாங்க நேர்ந்தது. தொலைபேசியில் பிடிப்பது கடினம். முழங்கால் வருத்தம் உள்ள தாய்மாரே அதிகம் வரும் இடத்துக்கு அந்தச் செங்குத்தான படிக்கட்டு பொருந்தாது.

மனு போய் ஏழு மாதமாகிறது. கிடைத்ததாக ஒரு கடிதம் மட்டும் வந்திருக்கிறது. வெசாக் வந்தாலும் சுதந்திர தினம் வந்தாலும் விடுதலைப் பட்டியல் பற்றிய செய்தியைக் கேட்டுச் சின்னம்மா எங்களுக்கு அழைப்பெடுக்கிறார். அவற்றில் பெரும்பாலும் சிறு குற்றங்களுக்குத் தண்டம் கட்ட முடியாமல் உள்ளே இருப்பவர்களே அடங்குவர் என்பதையும் அந்த அலுவலகத்தில்தான் தெரிந்துகொண்டோம்.

போக நினைப்பவர்கள் வழக்கு இலக்கத்தையும் கைதி இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். கட்டணம் கட்ட வசதியில்லாதவர்களை அவர்களே சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்பிவைக்கிறார்கள்.